தம்பி பெயருக்கு எந்த அளவு

தலைப்பு என்றால் என்ன என்று அந்தக் காலத்தில் யாராவது என்னைக் கேட்டிருந்தால், "பெரிய எழுத்து, வேறென்ன?" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. ஓசூர் கடைவீதியில் ஒரு பாயின் அச்சகத்தில் கம்பாசிட்டர் வேலை. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் ஈய எழுத்தைப் பொறுக்கி வரி வரியாக அடுக்குவேன். அந்தத் திமிர் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. கல்யாணப் பத்திரிகையோ, டூரிங் டாக்கீஸ் நோட்டீஸோ, மாட்டுச் சந்தை விளம்பரமோ, எதுவானாலும் என் கணக்கு ஒன்றுதான். அச்சடிக்கக் கொடுக்கிறவர் எதைக் கத்திச் சொல்ல நினைக்கிறாரோ அதைப் பெரிதாகப் போடு, மற்றதைச் சின்னதாகப் போடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

புத்தகம் என்று ஒன்று எங்கள் அச்சகத்துக்கு வந்ததே இல்லை. ஓசூர் அப்போது சேலம் ஜில்லா. பாஷை பார்த்து மாநிலங்களைப் பிரிக்கப் போகிறார்கள், நாம் எந்தப் பக்கம் போவோம் என்று டீக்கடையில் தினமும் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷத்தில்தான் அது வந்தது. தளிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெரிய விவசாயி வந்தார். ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம், கதர்ச் சட்டை, குரலைக் குறைத்துப் பேசவே தெரியாத மனிதர். அவரை நான் அண்ணன்காரர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். விஷயமே அதில்தான் இருக்கிறது.

அவர் கொண்டு வந்தது தன் குடும்பத்தின் வம்ச வரலாறு. எங்கள் பக்கத்தில் வம்சம் சொல்கிறவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. எருதின் மேல் ஏறிக் கன்னட நாட்டிலிருந்து வருவார்கள். சில வருஷத்துக்கு ஒரு முறை வீட்டு வாசலில் நின்று, உன் பாட்டன் யார், அவன் பாட்டன் யார், எந்த ஊரிலிருந்து எந்தப் பஞ்சத்தில் இங்கே வந்தான் என்று ராகம் போட்டுச் சொல்லிவிட்டு, புதிதாகப் பிறந்த குழந்தைகளின் பெயரையும் கேட்டுச் சேர்த்துக்கொண்டு, தானியம் வாங்கிக்கொண்டு போவார்கள். எல்லாம் வாய்க்கணக்குதான். அப்படி வந்த ஒருவன் சொல்லச் சொல்ல, அண்ணன்காரர் பள்ளிக்கூட வாத்தியாரை உட்கார வைத்து எழுதச் செய்திருந்தார்.

"குலசாமிக்குப் பொங்கல் வெக்கறோம்பா. கோயிலைப் புதுசா எடுத்துக் கட்டியிருக்கோம். அன்னிக்கு இதைப் புத்தகமாப் படிக்கணும்," என்றார்.

அவர்கள் வீட்டு வழக்கத்தையும் அப்போதே சொன்னார். அப்பன் காலமான பிறகு, கல்யாணமான ஆண்பிள்ளை ஒவ்வொருவனுக்கும் சாமி முன்னால் ஒரு அடுப்பு, ஒரு பானை. வம்சத்தைச் சொல்லிக்கொண்டே வரும்போது எந்தப் பெயர் உரக்க வருகிறதோ, அந்தப் பெயருக்குரிய வீட்டுப் பெண் தன் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். அப்பன் இருக்கும் வரை பிள்ளைகளின் பெயர்கள், கல்யாணமாகியிருந்தாலும், அப்பன் பெயருக்குக் கீழே தாழ்ந்த குரலில் வரும். அவர்களுக்குத் தனி அடுப்பு கிடையாது, அப்பன் பானையில்தான் சோறு. இந்தத் தடவை வாய்ப்பாட்டுக்குப் பதிலாகப் புத்தகம். உரக்க என்பதற்குப் பதிலாகப் பெரிய எழுத்து. என் தொழிலுக்கும் அவர்கள் சாமிக்கும் இப்படி ஒரு சம்பந்தம் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

போகும்போது இரண்டு உத்தரவு போட்டார். ஒன்று, அவருடைய பெயர் கட்டை விரல் நகத்தின் உயரத்துக்கு இருக்க வேண்டும். பாய் உடனே, "போட்டுடலாங்க, போட்டுடலாங்க," என்றார். பாய் அப்படித்தான், யார் என்ன கேட்டாலும் போட்டுவிடலாம் என்பார், பிறகு முழிப்பது நான். இரண்டாவது உத்தரவைச் சொல்லும்போது அந்தப் பெரிய குரல் கொஞ்சம் இறங்கியது.

"என் தம்பி செத்து நாலு வருஷம் ஆச்சு. அவன் பொஞ்சாதியும் பொண்ணும் என் வீட்லதான் இருக்காங்க. அவன் பேரை எனக்குக் கீழே போட்டுடு. அவன் குடும்பம் இப்ப என் குடும்பம்."

நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

காகிதத்தைப் பிரித்து வேலையை ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் எனக்குத் தலை சுற்றிவிட்டது. வாத்தியார் தலைப்பு, பத்தி, இடைவெளி என்று ஒன்றும் வைக்காமல் ஒரே ஓட்டமாக எழுதித் தள்ளியிருந்தார். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைத்திருக்கிறார்கள், அந்தப் பேரனின் பேரனுக்கும் அதையே வைத்திருக்கிறார்கள். எந்தப் பெயர் எந்த வரியில் யாருக்கு மகன் என்று ஒரு மண்ணும் விளங்கவில்லை. இந்தப் பக்கத்தில் ஆண்பிள்ளைப் பெயர் முக்கால்வாசி 'அப்பா' என்று முடியும். பக்கம் முழுக்க ஒரே அப்பாவாக இருந்தது. எழுத்து அடுக்கும் குச்சியைத் தூக்கி மேஜை மேல் போட்டேன்.

"பாய், என்னால ஆகாது. இதைச் சொன்னவனையே கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அவன் வாயால கேட்டாத்தான் எனக்குப் புரியும்," என்று கத்தினேன்.

இரண்டு நாள் கழித்து அவன் வந்தான். வயதான, தாடி வைத்த யாரோ வருவார் என்று நினைத்திருந்தேன். வந்தவன் என்னை விடச் சின்னவன். வாயில் பீடி, தலையில் சிவப்புத் துணி, பேச்சில் ஏகப்பட்ட மிடுக்கு. எருதை எங்கள் பெயர்ப்பலகைக் கம்பத்தில் கட்டினான். அது வந்ததும் வராததுமாக, காய வைத்திருந்த கல்யாணப் பத்திரிகை புரூப் இரண்டைத் தின்றுவிட்டது. நான் வைத வசவுக்கு அவன் கன்னடத்தில், "அதுக்கும் படிக்க ஆசை சாமி," என்றான். அப்புறம் டீ கேட்டான். டீயோடு பன்னும் கேட்டான். எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது.

ஆனால் அவன் சொல்ல ஆரம்பித்ததும் நடந்ததை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் மூதாதையின் பெயரைக் கணீரென்று எடுத்தான். அவனுடைய முதல் மகன் பெயருக்கு ஒரு பிடி குரல் தாழ்ந்தது. அந்த மகனின் மகனுக்கு இன்னும் ஒரு பிடி. பெண்டாட்டி பிறந்த ஊர், பெண்ணைக் கொடுத்த ஊர், வெட்டிய கிணறு என்று இறங்கிக்கொண்டே போகிறான். கிணற்றுப் படியில் ஒருவன் இறங்குவதை மேலே நின்று பார்ப்பது போல இருந்தது. அடிப்படிக்குப் போய், பிள்ளையில்லாமல் செத்த ஒருவனின் பெயரைக் கிசுகிசுப்பாகச் சொல்லி நிறுத்தினான். சரி, இனி எங்கே போவான், வழி தவறுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மூச்சு இழுத்தான். எந்தப் படியில் இரண்டாவது மகன் பிரிந்தானோ அதே படியில், அதே குரலில் வந்து நின்றான். அடேயப்பா! மயிரிழை கூடப் பிசகவில்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. குசும்பாக நடுவில் நிறுத்தி, "எருது கயித்தை அவுத்துடுச்சு பாரு," என்றேன். போய்ப் பார்த்தான், எருதைத் தடவிக் கொடுத்தான், கடைக்காரனிடம் நெருப்பு வாங்கிப் பீடி பற்ற வைத்தான், சாவகாசமாகத் திரும்பி வந்தான். விட்ட பெயருக்கு அடுத்த பெயரை விட்ட குரலிலேயே எடுத்தான். கடைவீதியில் போகிறவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். பாய் பில் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த மூச்சைக் கவனித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அவன் மூச்சு விடுகிறான், ஆனால் எல்லா மூச்சும் ஒரே நீளம் இல்லை. மகன் பெயருக்கு முன்னால் சின்ன மூச்சு. அண்ணன் கதை முழுக்க முடிந்து தம்பி பெயருக்கு ஏறும்போது நீண்ட மூச்சு. புதிய தலைமுறை என்றால் நன்றாக நிறுத்தி, நெஞ்சை நிரப்பிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறான். பெயரைச் சொன்ன பிறகோ நிறுத்துவதே இல்லை, உடனே அந்தப் பெயருக்குரிய சங்கதிக்குள் போய்விடுகிறான். அட, இதுதானே தலைப்புக்கு மேலே விடும் இடம்! மேலே நிறைய, கீழே கொஞ்சம். அப்போதுதான் தலைப்பு மேலே முடிந்துபோனதை விட்டுவிட்டுக் கீழே வருகிறதோடு ஒட்டிக்கொள்ளும். பத்து வருஷமாக மேலும் கீழும் ஒரே அளவு ஈயப்பட்டையைச் செருகிக்கொண்டிருந்த எனக்கு இது யாரும் சொல்லாமல் அவன் மூச்சில் கேட்டது.

அன்று மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் வேலை செய்தேன். தலைமுறைக்கு முப்பத்தாறு பாயிண்ட்; எழுத்தின் உயரத்தைப் பாயிண்டில்தான் அளப்போம். சொந்த அடுப்புள்ள ஆண்பிள்ளைக்கு இருபத்துநாலு. அவன் பிள்ளைகளுக்குப் பதினெட்டு, அதுவும் கொஞ்சம் உள்ளே தள்ளி. பேரப்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு, இன்னும் உள்ளே. மூச்சுக்கு ஏற்ற இடைவெளி. அடுக்க அடுக்க, ஒரே ஓட்டமாகக் கிடந்த அந்தப் பெயர்கள் அப்பனும் மகனும் அண்ணனும் தம்பியுமாக எழுந்து நின்றார்கள். ஒரே பெயர்தான். இருபத்துநாலில் வைத்தால் அப்பன், பதினெட்டில் வைத்தால் மகன். எழுத்து ஒன்று, உருவமும் ஒன்று, அளவு மாறினால் உறவே மாறிவிடுகிறது. இத்தனை வருஷம் இதை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தேனே என்று பிரமிப்பாக இருந்தது.

கடைசித் தலைமுறை வந்தபோது அண்ணன்காரர் பெயரை இருபத்துநாலில் போட்டேன். தம்பியை அவர் சொன்னபடியே அவருடைய இரண்டு மகன்களுக்குப் பிறகு பதினெட்டில் போட்டேன். எருதுக்காரன் அந்த இடத்தில் எந்தக் குரலில் சொன்னான் என்பது என் காதில் இருந்தது. ஆனால் வேலை கொடுத்தவர் சொன்னதுதான் அளவு, எனக்கென்ன வந்தது?

சந்தை நாளன்று ஒரு அம்மா வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், வெள்ளைப் புடவை, கூட எட்டு வயதுப் பெண் ஒன்று. தளி பஸ்ஸில் வந்திறங்கியிருக்கிறார்கள். வாசலிலேயே நின்றுகொண்டு, "அண்ணா, எங்க வீட்டுப் புத்தகம் இங்கதான் ஆகுதா?" என்று கேட்டார். செத்துப்போன தம்பியின் மனைவி என்று புரிந்தது. உள்ளே வரச் சொன்னேன்.

"எங்க அவரு பேரு எங்க இருக்கு?"

கட்டி வைத்திருந்த ஈயப் பக்கத்தைக் காட்டினேன். ஈயத்தில் எழுத்து எல்லாம் இடம் வலம் மாறித்தான் இருக்கும். அது அந்த அம்மாவுக்கு ஒரு பொருட்டாக இல்லை, படிக்கத் தெரியாது. விரலை வைத்தார். பெரிய பெயரைத் தடவினார், பிறகு கீழே இருந்த சின்னப் பெயரைத் தடவினார், திரும்பவும் மேலே போனார்.

"இதுதானே பாவா பேரு?" கணவனின் அண்ணனை அவர்கள் வீட்டில் பாவா என்றுதான் சொல்வார்கள்.

"ஆமாம்மா."

"அப்ப, அடுப்பு மூட்ட உரக்கப் படிக்கறப்ப எங்க அவரு பேரு வராதா?"

"பெரிய எழுத்துப் பேரு மட்டுந்தாம்மா உரக்க வரும். உங்களுக்கும் சேர்த்துப் பெரியவர் வீட்டுப் பானையில..."

"தெரியும். சோத்துக்குக் குறையே இல்ல அண்ணா. பாவா எங்களைத் தன் பொண்ணுங்களாட்டம் பார்த்துக்கறாரு." முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "இவளுக்கு அப்பன் முகமே ஞாபகம் இல்ல. அவரு பேரைச் சொல்லி ஒரு அடுப்பு எரியறதை இவ ஒரு தடவை பார்க்கட்டும்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல."

"அதை அவர்கிட்டயே கேட்டுட வேண்டியதுதானேம்மா?"

"பாவாவோட நேருக்கு நேர் பேசற வழக்கம் இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அந்தச் சின்னப் பெண் ஈய எழுத்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் அழுத்தி, பதிந்த அச்சைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். அவர்களும் போய்விட்டார்கள்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அண்ணன்காரர் புரூப் பார்க்க வந்தார். வீட்டுக்குத் துணி எடுக்க வேண்டியிருந்ததால் அந்த அம்மாவும் பெண்ணும் கூட வந்திருந்தார்கள். அவர்கள் வெளியே படியில் உட்கார்ந்துகொண்டார்கள். எருதுக்காரனும் இருந்தான். அவன் ஓசூர்ச் சத்திரத்தில் தங்கிச் சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் போய் வந்துகொண்டிருந்தான், தினமும் ஒரு டீக்கு எங்களிடம் உரிமை கொண்டாடினான்.

அண்ணன்காரர் தன் பெயரைப் பார்த்தார். கட்டை விரலைப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்து முகமெல்லாம் சிரித்தார். "படிப்பா. சாமி முன்னால எப்படிப் படிக்கணுமோ அப்படிப் படி, கேக்கலாம்," என்றார்.

எனக்கும் ஆசை. எழுத்தின் அளவுதான் குரலின் அளவு என்று வைத்துக்கொண்டு, இடைவெளிக்கு ஏற்ப மூச்சு விட்டுப் படித்தேன். எருதுக்காரன் முதலில் நக்கலாகப் பார்த்தான். போகப் போக எழுந்து பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். படிக்கத் தெரியாத அவனுக்குத் தன் பாட்டு ஒரு காகிதத்திலிருந்து வருவது பெரிய ஆச்சரியம். நான் மூச்சு இழுக்கும்போது அவனும் இழுத்தான். முப்பத்தாறு, இருபத்துநாலு, பதினெட்டு என்று இறங்கி, ஏறி, கடைசித் தலைமுறைக்கு வந்தேன். அண்ணன்காரர் பெயரை உரக்கச் சொன்னேன். குரலைத் தாழ்த்தி முதல் மகன், இரண்டாவது மகன். அதே தாழ்ந்த குரலில், அதே சின்ன மூச்சில், தம்பி.

எருதுக்காரன் சட்டென்று என் கையைப் பிடித்தான்.

"இது யாரு?"

"அவர் தம்பி."

"தம்பியை எதுக்கு மகன் குரல்ல சொல்றே?"

"அவர் இறந்துட்டாருப்பா. குடும்பம் இவர்கிட்ட இருக்கு. அதனால..."

அவன் என்னை விட்டுவிட்டு அண்ணன்காரரைப் பார்த்தான். பயமோ பணிவோ கொஞ்சமும் இல்லாமல், எருதிடம் பேசுகிற அதே குரலில் கேட்டான்: "சத்த மேலே தம்ம மக ஆக்தானா?"

செத்த பிறகு தம்பி மகனாகிவிடுவானா என்று கேட்கிறான். அங்கே இருந்த எல்லாருக்கும் கன்னடம் தெரியும்.

அண்ணன்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னடா பேசறே? நானா அவனை விட்டுக் கொடுத்தேன்? அவன் படுத்த படுக்கையா இருந்தப்ப பெங்களூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் தூக்கிக்கிட்டு அலைஞ்சது யாரு? அவன் பொண்ணை என் பொண்ணா வளக்கறேன். அவளுக்கு ஒரு குறை உண்டா? கேட்டுப் பாரு! என் பேருக்குக் கீழ வெச்சா நிழல்ல இருப்பாங்கன்னு வெச்சேன். அது தப்பா?"

கடைவீதியே திரும்பிப் பார்த்தது. பாய் எழுந்து வந்து, "கோவிச்சுக்காதீங்க, அவன் எருது மேய்க்கிறவன்," என்று சமாதானம் சொல்லப் பார்த்தார். வெளியே படியில் அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு பெண்ணை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எருதுக்காரன் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான். இவர்களின் அப்பன் பெயரைக் கணீரென்று எடுத்தான். அண்ணன் பெயர். அவர் கல்யாணம் பண்ணிய ஊர். இரண்டு மகன்கள், அவர்கள் பெண்டாட்டிகள், பேரன் ஒருவன். எல்லாம் படிப்படியாக இறங்கி முடிந்தது. நிறுத்தினான். மூச்சு இழுத்தான்.

எவ்வளவு நீளமான மூச்சு! மகன், பேரன் என்று இறங்கின படியெல்லாம் ஏறி, அண்ணன் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற மூச்சு. அந்த மூச்சுக்குள் அடுத்து வரப்போகிற பெயருக்காக நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். அண்ணன் பெயர் எந்தக் குரலில் வந்ததோ அதே குரலில் தம்பி பெயர் வந்தது. செத்தவர் அந்த அச்சகத்துக்குள் நடந்து வந்தது போல இருந்தது எனக்கு. பிறகு குரல் தாழ்ந்து, அவர் மனைவி பிறந்த ஊர், ஒரே மகள். அவ்வளவுதான். அத்துடன் வம்சம் முடிந்தது.

அண்ணன்காரரின் அந்தப் பெரிய குரல் சின்னதாக வந்தது.

"கம்பாசிட்டரே, அவனை என் அளவுக்கே போடுப்பா."

எனக்கு அப்படியே அவர் காலில் விழலாம் போல இருந்தது. ஆனால் எங்கள் கேஸில், அந்த எழுத்துப் பெட்டியில், என்ன இருக்கிறது என்பது எனக்குத்தான் தெரியும். அந்த இருபத்துநாலு பாயிண்ட் எழுத்தை பாய் எங்கோ மூடிப்போன அச்சகத்திலிருந்து பழசாக வாங்கி வந்திருந்தார். பாதி எழுத்து தொலைந்துபோனது. 'ப்' அதில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். பக்கத்துக்கு ஒரு பெயர் வந்த வரைக்கும் கவலையில்லை, அடித்து முடித்ததும் அதே எழுத்தை எடுத்து அடுத்த பக்கத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். அண்ணனும் தம்பியும் ஒரே பக்கத்தில் வருகிறார்கள். இரண்டு பேர் பெயரும் 'அப்பா' என்றுதான் முடிகிறது. சென்னைக்கு எழுதி வரவழைத்தால் பொங்கல் முடிந்து மாசமாகிவிடும்.

இதைச் சொன்னேன். "வேணும்னா தம்பி பேரைத் தனிப் பக்கத்துல போட்டுடறேங்க. அடுத்த பக்கத்துல வரும், அளவு ஒண்ணாயிருக்கும்."

"தனிப் பக்கமா?" அண்ணன்காரர் சட்டென்று நிமிர்ந்தார். "நாங்க என்ன பாகம் பிரிச்சுக்கிட்டவங்களா? ஒரே பக்கத்துலதான் வரணும்."

"அப்படின்னா ஒரே வழிதாங்க. புத்தகம் முழுக்க இந்தப் படியில இருக்கிற எல்லாப் பேரையும், உங்களுதையும் சேர்த்து, பதினெட்டுக்கு இறக்கணும். பதினெட்டு எங்ககிட்ட வேண்டிய மட்டும் இருக்கு. அதுக்குக் கீழ இருக்கறதையெல்லாம் இன்னும் ஒரு படி இறக்கிடறேன், உரக்கப் படிக்கறது அப்ப பதினெட்டுலதான். ஆனா..." பாய் பின்னாலிருந்து சொல்லாதே என்று கண்ணைக் காட்டினார். "உங்க பேரு கட்டை விரல் நக உயரம் இருக்காது. சுண்டு விரல் நகம் அளவுதான் வரும். தம்பி பேரும் அதே அளவுதான்."

பதினெட்டு பாயிண்ட் எழுத்து ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே படியைப் பார்த்தார். அந்த அம்மா எழுந்து நின்று, முகத்தை மறைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். எருதுக்காரன்கூட பீடியைக் கீழே போட்டுவிட்டான்.

"சின்ன வயசுல எங்கப்பா எனக்குத்தான் புதுச் சட்டை எடுப்பாரு," என்றார் அண்ணன்காரர். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "எனக்குப் பத்தாமப் போனதும் கையை, ஒடம்பைச் சுருக்கித் தெச்சு அவனுக்குப் போடுவாங்க. தன்னோட கல்யாணம் வரைக்கும் என் பழைய சட்டைதான் போட்டான். ஒரு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சது இல்ல. என் அளவுக்கே அவன் வாழ்ந்து முடிச்சிட்டான்." எழுத்தை என் கையில் திருப்பி வைத்தார். "இந்த ஒரு தடவை, அவன் அளவை நான் போட்டுக்கறேன். இறக்குப்பா."

படியிலிருந்து அந்த அம்மா, "பாவா!" என்றார். அவரைப் பார்த்து, நேருக்கு நேராக, எல்லார் முன்னாலும். அதற்கு மேல் பேச்சு வராமல் ஓவென்று அழுதுவிட்டார். அண்ணன்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, கட்டியிருந்த பக்கத்தின் கயிற்றை அவிழ்த்து, அண்ணன்காரரின் பெரிய பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்துக் கேஸில் போட ஆரம்பித்தேன்.